மாத்திரையை நிறுத்திய பிறகு

தம்பி,

வெள்ளிக்கிழமை நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமலே வைத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமில்லை. உன் அப்பா பக்கத்து அறையில் படுத்திருந்தார், கதவு திறந்திருந்தது, நான் என்ன சொன்னாலும் அவர் காதில் விழும். அதனால்தான் "சரிப்பா, பாக்கலாம்" என்று முடித்துக்கொண்டேன். தாம்பரத்தில் நீ வாங்கியிருக்கும் ஃபிளாட்டுக்குத் தை மாதம் கிரகப்பிரவேசம் என்றாய். "நீங்க மட்டும் வாங்கம்மா, அவர கூட்டிட்டு வராதீங்க. ஆபீஸ்காரங்க வருவாங்க, அவ வீட்டுக்காரங்க வருவாங்க. கல்யாணத்துல பட்டது போதும்" என்றாய். உனக்கு அந்தக் கவலை வேண்டாம். அவர் வரமாட்டார். அவரால் வர முடியாது. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். போனில் என்றால் நடுவில் நீ பேசுவாய், நான் அழுவேன், விஷயம் பாதியில் நின்றுவிடும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் உட்கார்ந்து ஊராருடைய பத்திரங்களை இத்தனை வருடம் டைப் அடித்தவள் நான். யார், எது, எங்கிருந்து எதுவரை என்று விடாமல் எழுதி எழுதிப் பழகிய கை. அந்தப் பழக்கம் இன்றைக்கு எனக்கு உதவட்டும்.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் கல்யாணத்தன்று உன் அப்பா குடித்திருக்கவில்லை. அவருக்குப் புற்றுநோய். புராஸ்டேட்டில் ஆரம்பித்து இடுப்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் பரவிவிட்டது. சிதம்பரத்து மண்டபத்தில் நீ பார்த்த தள்ளாட்டம் வலியில் வந்தது. உன்னிடம் சொல்லக்கூடாது என்று உன் தலைமேல் சத்தியம் வாங்கிக்கொண்டார். அதை இப்போது மீறுகிறேன்.

நீ அப்படி நினைத்ததில் தப்பேயில்லை. உன்னைக் கூண்டில் ஏற்றுவதற்காக இதை எழுதவில்லை என்பதை மட்டும் நன்றாகப் புரிந்துகொள். நீ பிறந்ததிலிருந்து காலேஜுக்குப் போகிறவரை பார்த்த மனிதர் வேறெப்படியும் இருந்ததில்லை. சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கினால் வீட்டுப் பக்கம் திரும்பாமல் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் பாண்டி எல்லைச் சாராயக்கடைக்குப் போய்விடுவார். நீ எட்டாவது படிக்கும்போதே சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலத்துச் சுவரோரம் தேடிப் போயிருக்கிறாய். கேரியரில் உட்கார வைத்து, விழாமலிருக்க அவர் கைகளை உன் இடுப்போடு துண்டால் கட்டிக்கொண்டு மிதித்து வந்திருக்கிறாய். வாடை தெரியக்கூடாது என்று அவர் கழுத்திலும் நெற்றியிலும் தைலத்தைத் தேய்த்துக்கொள்வார். அதனால் தைல வாசம் வந்தாலே நீ எழுந்து வெளியே போய்விடுவாய். ஜலதோஷத்துக்குக்கூட நான் உனக்குத் தைலம் தடவ முடிந்ததில்லை. பிறகு நீ சென்னைக்குப் படிக்கப் போனாய், அங்கேயே வேலை கிடைத்தது, பொங்கலுக்கு வந்தால் இரண்டு நாள் இருப்பாய், அந்த இரண்டு நாளும் அவரோடு ஒரே அறையில் உட்காரமாட்டாய். ஆகவே அதற்குப் பிறகு இந்த வீட்டில் நடந்த எதையும் நீ பார்க்கவில்லை. பார்க்காததற்கு உன்னை யாரும் கேள்வி கேட்க முடியாது.

குடியை நிறுத்துகிற இல்லத்தில் இரண்டு தடவை சேர்த்தது உனக்குத் தெரியும். இரண்டு தடவையும் வெளியே வந்த வாரமே ஆரம்பித்தார் என்பதும் தெரியும். உனக்குத் தெரியாதது மூன்றாவது. கம்பெனியில் அவரை வேலையை விட்டு நிறுத்திய பிறகு, ஒருநாள் அவராகவே, "சிதம்பரத்துல ஒரு டாக்டர் இருக்காராம். இங்க வேணாம், இங்க எல்லாருக்கும் என்ன தெரியும்" என்றார். பஸ்ஸில் போனோம். மேல வீதிப் பக்கம் ஒரு மாடி. மனநல டாக்டர், வயதானவர், நிதானமாகப் பேசுவார். ரத்தம் எடுத்து ஈரல் எப்படியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, நால்ட்ரெக்ஸோன் என்று ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். "குடிச்சா வாந்தி வர்ற மாத்திரை இல்லம்மா இது. குடிச்சா மூளையில ஒரு சந்தோஷம் கெளம்புது பாருங்க, அது போய் உட்கார்ற எடத்துல இது முன்னாடியே போய் உட்காந்துக்கும். சந்தோஷம் வராது. வரலன்னா ஆசையும் கொஞ்சம் கொஞ்சமா அடங்கும். அபின் மாதிரி பழக்கத்துக்கும் இதத்தான் குடுக்குறோம். சிலருக்குக் கேக்கும், சிலருக்குக் கேக்காது. தெனம் போட்டாத்தான் கேக்கும்" என்றார். அன்றிலிருந்து தினமும் காலையில் நான் மாத்திரையை உள்ளங்கையில் வைப்பேன். விழுங்கிவிட்டு வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுவார். ஆரம்பத்தில் நான் கேட்டதால் காட்டினார். பிறகு நான் பார்க்காமல் அடுப்படிக்குத் திரும்பினாலும் அவர் பாட்டுக்குக் காட்டிக்கொண்டிருப்பார்.

அவருக்கு அது கேட்டது. ஆறு வருடம் கேட்டது. நடுவில் ஒரே ஒரு தடவை, மாத்திரை போட்ட நாளிலேயே, கடைக்குப் போய்விட்டு வந்தார். அவரே சொன்னார். "தல சுத்துது, காலு நிக்கல, எல்லாம் பழயபடிதான். ஆனா உள்ள ஒண்ணுமே இல்ல. வெந்நி குடிச்ச மாதிரி இருக்கு." அதற்குப் பிறகு போகவில்லை. ஆனால் உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். அந்த ஆறு வருடம் சந்தோஷமான வருடங்கள் என்று நினைத்துவிடாதே. அடிக்காத, திட்டாத, வீட்டிலேயே இருக்கிற மனிதர் கிடைத்தார், அவ்வளவுதான். டிவி ஓடும், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். காடாம்புலியூரிலிருந்து உன் சித்தி வருடா வருடம் பலாப்பழம் கொண்டுவருவாளே, சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார், நல்லாயிருக்கு என்றோ வேண்டாம் என்றோ ஒரு வார்த்தை வராது. "மாத்திரையினாலயா, வயசா, இல்ல குடி இல்லாம நான் இப்படித்தானா, தெரியல" என்று ஒருமுறை சொன்னார். டாக்டரிடம் கேட்டேன். சிலருக்கு அப்படி இருக்கலாம், எல்லோருக்கும் அல்ல, வேறு காரணமும் இருக்கலாம் என்றார். நிறுத்திப் பார்க்கலாமா என்றும் கேட்டார். உன் அப்பாதான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "வேணாம் சார், வேணவே வேணாம்" என்றார். தன்னைப் பார்த்து அவர் பயந்த அளவுக்கு நீயோ நானோ அவரைப் பார்த்துப் பயந்ததில்லை.

உன் நிச்சயதார்த்தம் முடிந்த சமயத்தில் முதுகுவலி என்றார். கடலூர் ஆஸ்பத்திரியில் காட்டினோம், வயசுக் கோளாறு என்று நினைத்து மருந்து வாங்கிக்கொண்டு வந்தோம். குறையவில்லை. பாண்டிக்குக் கூட்டிக்கொண்டு போய் ஸ்கேன் எடுத்த பிறகுதான் தெரிந்தது. இனிமேல் குணமாக்க முடியாது, வலியை மட்டும் குறைக்கலாம் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். சின்ன வயசுப் பெண், உன் மனைவி வயதிருக்கும். எலும்புக்குக் கரண்ட் என்று சொல்கிற கதிர்வீச்சு வைத்தார்கள். கொஞ்சம் அடங்கி மறுபடி ஏறியது. பலமான வலி மாத்திரை கொடுத்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. டோஸை ஏற்றினார்கள். அப்போதும் கேட்கவில்லை. "இவ்ளோ குடுத்தும் எப்படிங்க கொஞ்சங்கூட கொறையல?" என்று அந்தப் பெண் இவரையே உற்றுப் பார்த்தாள். வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று முதல் நாளே கேட்டிருந்தாள். பி.பி. மாத்திரையை மட்டும் சொல்லியிருந்தார். குடிக்கு மருந்து சாப்பிடுகிறேன் என்று மகள் வயதுப் பெண்ணிடம் சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை. நானும் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். வேறு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் இந்த மாத்திரையைச் சொல்லுங்கள் என்று சிதம்பரத்து டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தும். தம்பி, நீ எந்த டாக்டரிடம் போனாலும் சாப்பிடுகிற எல்லா மருந்தையும் சொல். எதற்குச் சாப்பிடுகிறாய் என்பதையும் சொல். அந்த அறையில் வெட்கப்பட்டதற்கு இவர் பல வாரம் சும்மா வலியைத் தின்றார்.

அன்றைக்கு நான் சொல்லிவிட்டேன். அந்த டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "அதான். நான் குடுக்குற மருந்தும் அதே எடத்துலதான் போய் உட்காரணும். அங்க அது அடச்சிக்கிட்டு இருக்கு. அது தெரியாம நீங்களா ஜாஸ்தி ஜாஸ்தியா போட்டிருந்தா மூச்சே நின்னிருக்கும்" என்றாள். பழைய மாத்திரையை இன்றே நிறுத்த வேண்டும், சில நாள் கழித்து மார்ஃபின் ஆரம்பிக்கலாம், வலி நிச்சயம் குறையும் என்றாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. உன் அப்பா மட்டும், "பையன் கல்யாணம் முடியட்டும் டாக்டர்" என்றார்.

"ஏங்க? இனிமே நீங்க குடிச்சிருவீங்களோன்னு கவலப்படற நெலமையா இது?"

"ஒங்களுக்குத் தெரியாது டாக்டர். நிறுத்துனா நான் குடிச்சிடுவேன். கல்யாண வூட்ல ஊத்திக் குடுக்க ஆளு இருப்பான். என் பையன் ஒரு நாளு என்ன குடிக்காம பாக்கணும். அவன் பாத்ததே இல்ல."

அவள் என்னைப் பார்த்தாள். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து நானும் கெஞ்சினேன். "அவங்கிட்ட ஒடம்பு சரியில்லன்னாவது சொல்லிடலாம்ங்க" என்றேன். "சொன்னா கல்யாணத்தத் தள்ளி வெப்பான். பொண்ணு வூட்டுல சகுனம் பாப்பாங்க. அவன் ஆசப்பட்டுக் கட்டிக்கிற பொண்ணு. எனக்காக அவன் வுட்டதெல்லாம் போதாதா?" என்றார். அங்கேதான் சத்தியம் வாங்கினார். சிதம்பரத்து மாத்திரையோடு சேர்த்துப் போடக்கூடிய சாதாரண வலி மாத்திரைகளும் தைலமும்தான் மிச்சம். அவற்றை வைத்துக்கொண்டு கல்யாணம் வரை ஓட்டினார். பத்திரிகை வைக்கப் போன வீடுகளில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று நின்றுகொண்டே காபி குடித்தார். ஏன் இவர் இப்படி அவசரப்படுகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

மண்டபத்தில் நடந்தது உனக்குத் தெரிந்தபடிதான். எனக்குத் தெரிந்தபடியும் ஒருமுறை கேள். விடியற்காலையில் எழுந்து குளித்து, பட்டு வேட்டி கட்டுவதற்குள் அவருக்கு வேர்த்து ஊற்றியது. இடுப்பு முழுக்கத் தைலம் தேய்த்துவிட்டேன். மாத்திரையைக் கொடுத்தேன், நாக்கைத் தூக்கிக் காட்டினார். மேடைக்கு ஏறும் மூன்று படியும் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். பாதபூஜைக்குப் பலகைமேல் நின்று தாம்பாளத்தில் காலை வைக்கச் சொன்னார் ஐயர். வலது காலைத் தூக்கியபோது இடுப்பு விட்டுவிட்டது. அப்படியே சாய்ந்து உன் தோளைப் பிடித்தார், தாம்பாளம் கவிழ்ந்து தண்ணீர் உன் வேட்டியெல்லாம் கொட்டியது. கீழே யாரோ சிரித்தார்கள். நீ குனிந்தபடியே அவர் முகத்துக்குக் கிட்டே வந்து மூச்சை இழுத்தாய். தைலம். உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். "இன்னைக்குமாப்பா?" என்று கேட்டாய். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. எட்டாம் வகுப்புப் பையனாகக் கேட்டாய். அவர் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று சொல்லவில்லை. நீ நிமிர்ந்து, உன் மாமாவை, என் தம்பியை, கூப்பிட்டு, "மாமா, இவர ரூம்ல வெச்சிக் கதவ சாத்துங்க" என்றாய். அவனும், "வாங்க மாமா, எதுக்கு வம்பு" என்று கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனான். நான் மேடையிலேயே நின்றேன். மாப்பிள்ளையின் அம்மாவும் இறங்கிப் போனால் என்னாகும் என்று நின்றேன். அந்த மண்டபத்தில் ஒரே ஒருத்திதான், உன் மனைவிதான், நகைக்கும் மாலைக்கும் நடுவிலிருந்து தலையைத் திருப்பி, "அத்த, மாமாவுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். அவளுக்கு அவருடைய பழைய கதை ஒன்றும் தெரியாது. அதனால் அவள் கண்ணுக்கு நோயாளி தெரிந்தார். லேசாகக் காய்ச்சல் என்றேன்.

தாலி கட்டி முடிந்து, சம்பிரதாயங்கள் எல்லாம் முடிந்து, நான் அந்த அறைக்குப் போனபோது கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். படுக்க முடியவில்லை. போர்வையில் மஞ்சள் அரிசி சிதறியிருந்தது. "மேளச் சத்தம் கேட்டுச்சு. இங்கேர்ந்தே போட்டுட்டேன்" என்றார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கத்தினேன். "குடிச்சிருக்கான்னு நெனச்சா கோவத்தோட போயிடும். சாகப் போறான்னு தெரிஞ்சா கல்யாண வூடே சாவு வூடாயிடும்" என்றார். பிறகு, "அவன் அப்பான்னு கூப்புட்டான் இல்ல?" என்றார். நீ அவரை அப்பா என்று கூப்பிட்டு எத்தனையோ வருடமாகியிருந்தது. அந்தக் கேள்வியில் அந்த வார்த்தை மட்டும்தான் அவருக்குக் கேட்டிருக்கிறது. சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் கார் பிடித்துக் கடலூருக்கு வந்துவிட்டோம். நாங்கள் சொல்லாமல் போய்விட்டோம் என்று உனக்கு அதுவும் ஒரு மனத்தாங்கல்.

மறுநாளே மாத்திரையை நிறுத்தினோம். மிச்சமிருந்த அட்டையை நானே தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். சில நாள் விட்டு மார்ஃபின் ஆரம்பித்தார்கள். தம்பி, வலி போய் ஒரு மனிதர் எழுந்து உட்காருவதை நீ பார்த்திருக்க வேண்டும். முகத்தில் இருந்த சுருக்கமெல்லாம் விட்டுப்போய், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இன்னொன்றும் நடந்தது. ஒரு மத்தியானம் நெத்திலிக் குழம்பு வைத்துச் சோறு போட்டேன். ஒரு வாய் வைத்தவர், "உப்பு கம்மியா இருக்கு" என்றார். ஆறு வருடத்தில் என் சமையலை அவர் குறை சொன்னது அன்றுதான். சந்தோஷத்தில் உப்பு ஜாடியோடு ஓடிவந்தேன். உப்புப் போட்டுக் கொடுத்தேன், இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார். உன் மாமா வந்தபோது அவனைக் கிண்டல் பண்ணினார். எதிர்வீட்டில் ஓடிய பாட்டுக்குத் தொடையில் தாளம் போட்டார். நான் கழுத்தை நீட்டிய மனிதரை, கல்யாணமான முதல் வருடத்தோடு காணாமல் போனவரை, அந்த இரண்டு வாரம் மறுபடி பார்த்தேன். உனக்குப் போன் பண்ணுகிறேன் என்றேன். "இன்னும் கொஞ்சம் ஒடம்பு தேறட்டும், நடந்து போய்ப் பாப்பம்" என்றார். நானும் நம்பினேன். அப்போதே உன்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும். பார்க்க வேண்டியதைப் பார்த்திருப்பாய்.

ருசி திரும்பி வந்தால் எல்லாம்தான் திரும்பி வரும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. முதலில் சாயங்காலம் ஆனால் எரிச்சல் படுவார். பிறகு தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுப் பேச ஆரம்பித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன் மாமா வந்தான். இதற்குள் அவனுக்கு நோய் விஷயம் தெரியும். தெரிந்ததிலிருந்து, மண்டபத்தில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதை நினைத்து உருகிக்கொண்டிருந்தான். அடுப்படிக்கு வந்து சட்டைக்குள்ளிருந்து ஒரு குவார்ட்டரை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தான். "மாமாதான்க்கா கேட்டாரு. போற மனுசன். இனிமே என்ன கெட்டுடப் போவுது? ஒரு மூடி குடுத்துடு" என்றான். மார்ஃபினோடு சாராயம் சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடும் என்று பாண்டி டாக்டர் என் கையைப் பிடித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். அவனிடம் சொன்னேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. பாட்டிலைத் திறந்து தொட்டியில் கவிழ்த்தேன். அந்த வாடை அறைவரை போயிருக்கிறது.

உடனே குரல் கேட்டது. தம்பி, அந்தக் குரலை நீ மறந்திருக்கமாட்டாய். நான் மறந்திருந்தேன். ஆறு வருடத்தில் அது கொஞ்சங்கூட வயதாகாமல் அப்படியே இருந்தது. அந்த வாரம் மறுபடி படுத்து, படுக்கையிலிருந்து எழ முடியாமலிருந்த மனிதர், கையில் கிடைத்த டம்ளரை என்மேல் எறிந்தார். என்ன சொல்லித் திட்டினார் என்று எழுதமாட்டேன். நீ சின்ன வயதில் காதைப் பொத்திக்கொள்வாயே, அந்த வார்த்தைதான். உன் மாமா அழுதுகொண்டே வெளியே போய்விட்டான். நான் சுவரோரம் நின்றேன். அடிக்க அவரால் முடியாது என்று தெரிந்தும் எட்டியே நின்றேன். உடம்புக்குத் தன்னால் ஞாபகம் வந்துவிடுகிறது.

மறுநாள் காலையில் மார்ஃபின் கொடுக்கப் போனபோது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். "அத குடு" என்றார். எதை என்றேன். "பழய மாத்திரைய. சிதம்பரத்து மாத்திரைய குடு. எனக்கு இது வேணாம்." இப்போது அதைப் போட்டால் மார்ஃபினை எல்லாம் ஒரே அடியாகத் தள்ளிவிட்டு உட்காரும், வலி மொத்தமும் ஒரே நேரத்தில் வரும், உடம்பு நடுங்கி வாந்தி பேதியாகும் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "வரட்டும். அந்தாளு வர்றதுக்கு இது வரட்டும்" என்றார். தன்னைத்தான் அந்தாளு என்றார். என்னால் முடியவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற நிற்பைப் பார்த்தவள் நான், மறுபடி அங்கே அவரைத் தள்ள என்னால் ஆகாது. முடியாதுங்க என்றேன். "அப்ப என்னதான் பண்றது?" என்று என்னைக் கேட்டார். சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி, நிஜமாகவே எனக்குப் பதில் தெரியும் என்று நினைத்துக் கேட்டார்.

பக்கத்து வீட்டுக்காரியை உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் சிதம்பரம் போனேன். அந்த மண்டபத்து வழியாகத்தான் ஷேர் ஆட்டோ போகிறது. வேறு யாருக்கோ கல்யாணம், வாழைமரம் கட்டியிருந்தார்கள். வயதான டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "அது ஆசைய அடக்கித்தாம்மா வெச்சிருந்துது. அழிக்கல. அழிக்கிற மருந்து இன்னும் வரல" என்றார். மார்ஃபினோடு மோதாத வேறு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார், சிலருக்கு உதவும், பார்க்கலாம் என்றார். கொடுத்துக்கொண்டு இருக்கிறேன். இவருக்கு உதவுகிற மாதிரித் தெரியவில்லை. நோய் இப்போது முதுகு முழுக்க ஏறிவிட்டது. மார்ஃபின் டோஸ் கூடிக்கொண்டே போகிறது. தூங்குகிற நேரம் அதிகம். விழித்திருக்கும்போது சில நாள் நெத்திலிக் குழம்புக்கு உப்பு கேட்ட மனிதர் இருக்கிறார், பல நாள் மற்றவர் இருக்கிறார். இதில் எது உன் அப்பா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இரண்டு பேருக்கும் நான்தான் மலம் துடைக்கிறேன்.

நீ ஆபீஸ் விருந்துகளில் இரண்டு கிளாஸ் குடிப்பாய் என்று உன் மனைவி பேச்சுவாக்கில் சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை, நீ அவளைக் கோபிக்காதே. உனக்கு இரண்டோடு நின்றுவிடலாம். நிறைய பேருக்கு நிற்கிறது. உன் அப்பாவுக்கும் ஆரம்பத்தில் நின்றது. நிற்காமல் போகிறது என்று உனக்கு என்றைக்காவது தோன்றினால், அன்றைக்கே ஒரு டாக்டரிடம் போ. மகன் துண்டால் கட்டிக் கூட்டிவருகிற நாள்வரை காத்திருக்காதே. மாத்திரை கொடுத்தால் போடு. அதுவே போதும் என்று மட்டும் நம்பிவிடாதே. அது போட்டுக்கொண்டிருக்கிறவரைதான். அவர் அந்த ஆறு வருடமும் தினமும் போட்டார் என்பதை நீ ஒருவனாவது தெரிந்து வைத்துக்கொள். எனக்குப் பிறகு அதைச் சொல்ல ஆளில்லை.

கிரகப்பிரவேசத்துக்கு நானும் வரமாட்டேன். அவரை விட்டுவிட்டு ஒரு நாள் முழுக்க வெளியே இருக்க முடியாது. பால் காய்ச்சும்போது உன் மனைவியின் அம்மாவை முன்னால் நிற்கச் சொல், நான் வருத்தப்படமாட்டேன்.

நீ இங்கே வர வேண்டும் என்று எழுதவில்லை, வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வந்தால் எந்த மனிதரைப் பார்ப்பாய் என்று என்னால் உறுதி கொடுக்க முடியாது. அந்தப் பழைய வார்த்தையால் உன்னையும் திட்டலாம், அதைக் கேட்டுவிட்டு நீ இன்னொரு தடவை கதவைச் சாத்திக்கொண்டு போக நேரலாம். காலையில் மருந்து கொடுத்ததும் கொஞ்ச நேரம் தெளிவாக இருக்கிறார். அந்த நேரத்தில் டீயில் சர்க்கரை போட்டாயா என்று கேட்கிறார், வெளியே மழையா என்று கேட்கிறார். உன்னைப் பற்றிக் கேட்பதில்லை, தம்பி. ஒருநாள்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். அந்த ஒரு வரியை மட்டும் எழுதி அனுப்பியிருப்பேன்.

அம்மா